மொரிஸ் மைனருக்கு வேறு கார் சில்லு பூட்டலாமா?

கேள்வி, பெப்ரவரி 11

அண்ணன், வீட்டில் அப்பப்பாவின் மொரிஸ் மைனர் 1000 நிற்கிறது, 1958ஆம் ஆண்டு வண்டி. இடம் நிலாவெளி, கடல் கூப்பிடு தூரம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ரயர் நாலும் வெடித்துப் போயிற்று, ரிம் இரண்டைத் துரு தின்றுவிட்டது. அந்த 14 அங்குல ஒல்லி ரயரைத் தேடி அலுத்துவிட்டேன். மாருதி 800க்கும் நாலு நட்டு, மைனருக்கும் நாலு நட்டு. முன் அச்சில் சில்லைத் தாங்குகிற ஹப்பை மாற்றிவிட்டால் எந்தச் சில்லும் போடலாம் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். இன்னொருவர் ஒரு அலோய் சில்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், சரியாகப் போய் உட்கார்ந்தது. நான் எதைச் செய்ய?

பெப்ரவரி 11, இரவு

அந்த அலோயை மட்டும் பூட்டி ஓடாதே தம்பி. மற்றதை எல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இதை இன்றைக்கே சொல்ல வேண்டும்.

மைனரில் நட்டு ஏறுகிற நாலு மரையாணியும், ஸ்டட் என்பது அதைத்தான், நிற்கிற வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். பிசிடி என்று சொல்வது அந்த வட்டத்தைத்தான். இப்போது ஓடுகிற பல சின்னக் கார்களுக்கு அது 100. வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர், ஒரு ஸ்டட்டுக்கு என்று பார்த்தால் 0.8. கண்ணுக்குத் தெரியாது. அலோயின் ஓட்டை 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு என்று துளைத்தது, மைனரின் ஸ்டட் 3/8 அங்குலம், ஒன்பதரை மில்லிமீட்டர்தான், அதனால் சில்லு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், போனதும் எல்லோருக்கும் சந்தோஷம். நட்டை இறுக்கும்போதுதான் வினை. நட்டின் கூம்பு ஓட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் கடிக்கும், மற்றப் பக்கம் சும்மா நிற்கும். நாலு ஸ்டட்டும் உள்பக்கமாக இழுபட்டு வளைந்து நிற்கும், சில்லு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் அந்த வளைவை ஒருமுறை அசைக்கும். நட்டு இளகும். இறுக்குவாய். திரும்ப இளகும். கடைசியில் ஸ்டட் அடியோடு முறியும்.

இப்படி முறிந்த ஸ்டட் என் லேத்துக்கு வந்திருக்கிறது. முறிந்த முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும். ஒரு ஓரத்திலிருந்து முக்கால்வாசி மழமழவென்று கறுத்து, சிப்பி ஓட்டின் வரிகள் மாதிரி வளைவு வளைவாகக் கோடு கிடக்கும், மிச்சக் கால்வாசிதான் புதிதாக மினுங்குகிற கரடுமுரடு. அந்தக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி அத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

பெப்ரவரி 12

மாருதிச் சில்லுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை, ஏனென்றால் அது ஏறவே ஏறாது. அதன் வட்டம் 114.3, நாலரை அங்குலம். பழைய டட்சன் 1200, கேஈ70 கொரோலா எல்லாம் இதே அளவுதான். ஏறாத சில்லு ஆளைக் கொல்லாது. ஏறிவிட்டுப் பிழை செய்கிற சில்லுதான் கொல்லும்.

ரயர் அளவையும் பார். மைனருக்கு முதலில் 5.00-14, பிறகு 5.20-14 வந்தது. ரேடியலில் அதற்கு நேர் 145 ஆர் 14, நின்ற உயரம் ஏறத்தாழ 590 மில்லிமீட்டர். மாருதியின் 145/80 ஆர் 12 ரயர் 537. ஐந்து சென்றிமீட்டருக்கு மேல் குறைவு. வண்டி இரண்டரை சென்றிமீட்டருக்கு மேல் தாழும், ஸ்பீடோமீட்டர் நூற்றுக்கு ஒன்பது பத்துக் கூட்டிக் காட்டும், எஞ்சின் எப்போதும் ஒரு மூச்சு அதிகமாகக் கத்தும்.

பெப்ரவரி 12, பின்னேரம்

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருகிறது, ஆகவே கணக்குப் பின்சில்லுக்கு மட்டும்தான். முன்னுக்குச் சின்னச் சில்லு, பின்னுக்குப் பழைய சில்லு என்று போட்டால் ஸ்பீடோ மாறாது, ஆனால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும், முன் சில்லின் சாய்வுக் கோணமும் கெடும். அதனால் சொன்னதன் சாரம் மாறவில்லை.

பெப்ரவரி 14

"முன் அச்சை மாற்றிவிடலாம்" என்று சொல்கிறவரிடம், எங்கே அந்த அச்சு என்று கேள். மைனருக்குக் குறுக்கே போகிற முன் அச்சு கிடையாது. அதற்கு முன்னால் வந்த மொரிஸ் எயிட்டுக்கு உண்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் இலைவில். 1948இல் மைனர் வந்தபோது வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதைத் தூக்கி எறிந்தார். 17 அங்குலச் சில்லை 14 ஆக்கினார், ராக் அன்ட் பினியன் ஸ்டீரிங் வைத்தார், முன்னுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு முறுக்குக் கம்பி, டோர்ஷன் பார், வண்டியின் நீளவாக்கில் அடியில் கிடக்கும். மைனர் அந்தக் காலத்து வண்டிகளுக்குள் வளைவில் இவ்வளவு ஒட்டிப் பிடித்துப் போனதற்கு இதுதான் காரணம். செய்துமுடித்த முதல் மாதிரிவண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று நடுவால் அறுத்து 4 அங்குலம் அகட்டினாரே, போனட் நடுவில் கிடக்கிற அந்தத் தட்டைப் பட்டி அந்த வேலையின் அடையாளம். அப்பப்பாவின் வண்டியிலும் இருக்கும், போய்ப் பார்.

ஆகவே நீ மாற்றப்போவது அச்சை அல்ல. சில்லுக்குப் பின்னால் இருக்கிறது: ஹப், அதற்குள் இரண்டு பெயாரிங், அவை ஏறி நிற்கிற குறுங்கட்டை, அந்தக் கட்டை பிறக்கிற, சில்லோடு திரும்புகிற நிமிர்ந்த தண்டான சுவிவல் பின், அந்தப் பின்னின் கீழும் மேலும் அதைப் பிடிக்கிற மரைக்கட்டியான ட்ரனியன். எந்தச் சில்லு என்பதைக் கடைசியில் யோசி. முதலில் இந்தச் சங்கிலியில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல வருஷம் நின்ற வண்டி, கடற்கரை, கட்டாயம் ஏதோ ஒன்று போயிருக்கும்.

பெப்ரவரி 15

ட்ரனியன் பற்றித் தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன், மைனர் வைத்திருக்கிறவன் முதலில் படிக்க வேண்டிய பாடம் அது.

சுவிவல் பின்னின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு ட்ரனியனுக்குள் ஏறி நிற்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் பின் திரும்புகிறது, அதாவது வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த மரைப்பற்களில் தொங்குகிறது. கிரீஸ் போனால் பற்கள் தேயும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஸ்டீரிங்கை முழுக்க வளைக்கும்போது பின் ட்ரனியனை விட்டுக் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடிந்து விழும். மெதுவாகப் போகும்போது விழுந்தால் அதிர்ஷ்டம்.

கிரீஸ் நிப்பிள் பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. வண்டியை ஜாக்கில் தூக்கி, பாரம் இறங்கிய பிறகு அடி. பாரத்தோடு அடித்தால் கிரீஸ் எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் போகாது. பழைய கறுத்த கிரீஸ் ஓரத்தால் வெளியே வந்து, புதிய நிறம் தெரியும் வரை அடி. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றி மாற்று, அது சில்லறை விலைச் சாமான்.

சோதனை சுலபம். சில்லை மேலும் கீழும் பிடித்து, பன்னிரண்டு மணி ஆறு மணி நிலையில் ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே இருத்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லி, திரும்ப ஆட்டு. ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பெயாரிங்கில். நிற்காவிட்டால் ட்ரனியன் அல்லது அதன் புஷ். இடம் வலமாக, ஒன்பது மணி மூன்று மணியில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டீரிங் கம்பியின் முனைகளைப் பார்.

பெப்ரவரி 18

தம்பி படம் அனுப்பியிருக்கிறான். இடப்பக்க ட்ரனியன் சரி, வலப்பக்கம் பிரேக்கை மிதித்தாலும் ஆடுகிறதாம். அப்படியென்றால் அதுதான் முதல் வேலை, சில்லு இரண்டாவது. கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம், ஆனால் பழையது வாங்காதே, மற்றவன் கழற்றி எறிந்தது ஏன் எறிந்தான் என்று யோசி. மைனருக்கு ட்ரனியன் புதிதாகவே வருகிறது. நம் நாட்டிலேயே மைனர் பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு, அந்த அளவுக்கு இந்தக் கார் இங்கே ஊறிய கார். இடம் வலம் மாற்றி வாங்கிவிடாதே, பக்கத்துக்குப் பக்கம் மரை வேறு. கடைக்காரனுக்குத் தெரியும் என்று விடாமல் நீயே சொல்லிக் கேள்.

பெப்ரவரி 20

சரி, ஹப்புக்கு வருவோம். நாலு வழி இருக்கிறது, நாலும் என் லேத்தில் யாரோ ஒருவர் கேட்டதுதான்.

இருக்கிற ஹப்பிலேயே 114.3க்குப் புதுத் துளை போடுவது. பழைய துளைகளுக்கு நடுவே, 45 பாகை தள்ளிப் போட்டால், பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் மையத்திலிருந்து மையம் 41.7 மில்லிமீட்டர் வரும். இது தாராளம். பிரச்சினை நடுவில் இல்லை, ஓரத்தில். புதுத் துளை மையத்திலிருந்து 57 மில்லிமீட்டரில் நிற்கும், அதற்கு வெளியே ஹப்பின் தட்டில் எவ்வளவு உலோகம் மிஞ்சுகிறது? துளையின் ஓரத்துக்கும் தட்டின் ஓரத்துக்கும் இடையில் குறைந்தது ஒரு துளை அகலமாவது வேண்டும் என்பது என் கணக்கு, அதற்குக் குறைந்தால் நான் துளைக்க மாட்டேன். டிரம்மையும் அதே மாதிரித் துளைக்க வேண்டும். கையில் பிடிக்கிற டிரில்லால் துளைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மில்லிங் மேசையில், சுழல் மேடை வைத்து, ஹப்பின் பெயாரிங் துளையை மையமாகப் பிடித்துத்தான் செய்ய வேண்டும். வெளி ஓரத்தை மையமாகப் பிடித்தால் போயிற்று, வார்ப்பு ஓரம் உண்மையான வட்டமாக இருக்காது.

இரண்டாவது, இடையில் ஒரு தட்டு, அடப்டர். அது ஹப்பில் ஒரு தொகுதி நட்டால் பூட்டப்படும், சில்லு அதன் சொந்த ஸ்டட்டில் நிற்கும். உள் நட்டுகள் தட்டுக்குள் புதைய வேண்டும் என்பதால் இருபது மில்லிமீட்டருக்குக் குறைந்த தட்டு நடைமுறையில் வராது. இங்கே நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. துறைமுகத்துப் பழைய உலோகத்தில் நல்ல தடித்த அலுமினியத் தகடு மலிவாகக் கிடைக்கும், வெட்டினால் லேத்தில் அழகாக வரும். என்ன கலவை, எந்தப் பதம் என்று தெரியாத உலோகம் அது. மேசைக்கால் செய், படகுக்குக் கொண்டி செய், சில்லுக்கு நடுவில் வைக்காதே. அடப்டர் என்றால் 6061-டி6 என்கிற பதப்படுத்திய அலுமினியக் கலவை என்று தெரிந்து வாங்கியது, இல்லையென்றால் நல்ல உருக்கு.

மூன்றாவது, வேறு காரின் ஹப்பை அப்படியே மைனரின் கட்டையில் ஏற்றுவது. கட்டையின் விட்டம் ஒத்துவராது, ஆகவே புஷ் கடைந்து ஏற்றுவார்கள், அல்லது கட்டையைக் கடைந்து ஒல்லியாக்குவார்கள். முதலாவதை நல்ல டேர்னர் ஒருவர் அழுத்திப் பொருத்தினால் நிற்கும். இரண்டாவதை நான் செய்து கொடுப்பதில்லை. கட்டை அதன் அடியில், சுவிவலோடு சேருகிற இடத்தில், ஒரு மெல்லிய வளைவோடு வருகிறது. கூர்மூலை இல்லாத அந்த வளைவுதான் பாரத்தைப் பரப்புகிறது. கடையும்போது அந்த வளைவு போய்ச் சதுரமூலை வந்தால், வெடிப்புத் தொடங்குகிற இடத்தை நாமே கீறிக் கொடுத்தது போலாகும்.

நாலாவது வழியைப் பிறகு சொல்கிறேன், கடை திறக்க வேண்டும்.

பெப்ரவரி 20, இரவு

நாலாவதுக்கு முதல் பெயாரிங், ஏனென்றால் மூன்றாவது வழியில் ஆட்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மைனரின் முன் ஹப்பில் இருப்பது கூம்புருளை பெயாரிங் அல்ல. குண்டு பெயாரிங், ஒருபக்கச் சாய்வுப் பாரம் தாங்குகிற வகை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தூர வளையம். ஒரு முகத்தில் திரஸ்ட் என்று பொறித்திருக்கும், அந்த முகம் நடுவளையத்தைப் பார்க்க வேண்டும். நட்டை நன்றாக இறுக்கலாம், இறுக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கம் வளையத்தின் மேல் போகிறது, குண்டுகளின் மேல் அல்ல. நவீன கார்காரருக்கு இது பழக்கமில்லை. அவர் கூம்புருளையில் பழகியவர், இறுக்கிவிட்டுச் சற்று இளக்கி விடுவார். மைனரில் இளக்கி விட்டால் உள்வளையம் கட்டையில் சுற்றிக் கட்டையைத் தின்னும்.

மறுதலையும் உண்டு. கூம்புருளை பெயாரிங்காக மாற்றினால் மிக நல்லது, பாரம் கூடத் தாங்கும், ஆனால் அதைப் பழைய மைனர் முறையில் இறுக்கினால் ஒரே ஓட்டத்தில் நீலம் பூத்துவிடும். கந்தளாய்க்குப் போகிற வழியில் ஹப் கொதித்து நின்ற வண்டி ஒன்றை இழுத்து வந்து கழற்றியபோது, உருளைகள் நீலமும் பழுப்புமாகக் கிடந்தன, கிரீஸ் கரியாகியிருந்தது. பெயாரிங்கில் குற்றமில்லை, இறுக்கியவரில் குற்றமில்லை என்றும் சொல்ல மாட்டேன், யாரும் அவருக்கு உள்ளே மாற்றியதைச் சொல்லவில்லை. மாற்றினால் மட்கார்டுக்கு உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். நான் எழுதித்தான் கொடுக்கிறேன்.

பெப்ரவரி 23

"வட்டம் ஒத்தால் போதாதா" என்று கேட்டவருக்கு. போதாது. ஒஃப்செட் இருக்கிறது.

சில்லின் பூட்டுமுகம் ரிம்மின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது ஒஃப்செட். முன்சில்லு இழுக்கிற இப்போதைய கார்களில் அது நாற்பது மில்லிமீட்டருக்குக் கிட்ட, அதாவது ரிம் உள்ளே ஆழமாகப் போகும். மைனர் மாதிரிப் பழைய பின்சில்லு இழுவைக் காரில் அவ்வளவு இல்லை. நவீன சில்லை நேரே மைனரில் வைத்தால் ரயர் உள்பக்கம் போய் ஸ்டீரிங் கையில் உரசும். வெளியே அதிகம் தள்ளினால் வேறு வினை. சுவிவல் பின் சாய்வாக நிற்கிறது, அந்தச் சாய்வுக் கோட்டை நிலம் வரை நீட்டினால் ரயரின் நடுவுக்குக் கிட்டத்தான் தொடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சில்லை வெளியே தள்ளத் தள்ள அந்தத் தூரம் கூடும், ஸ்டீரிங் பாரமாகும், ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீரிங் கையைப் பிடுங்கும், பிரேக் ஒரு பக்கம் கொஞ்சம் கூடப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் ஓடும். பெயாரிங்குக்கும் ட்ரனியனுக்கும் நெம்புகோல் நீளுகிறது.

இதில் ஒரு விசித்திரம். ஒஃப்செட் 45 சில்லையும் 25 மில்லிமீட்டர் அடப்டரையும் சேர்த்தால் 20 வருகிறது. அதனால்தான் சிலருடைய அடப்டர் வேலை எதிர்பாராமல் நன்றாக ஓடுகிறது. அவர்கள் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, கணக்கு அவர்களுக்கு உதவியிருக்கிறது. உங்களுக்கு உதவுமா என்று அளந்து பாருங்கள். பழைய சில்லைக் குப்புறப் போட்டு, ரிம் ஓரத்தின் மேல் நேர்மட்டம் வைத்து, பூட்டுமுகம் வரை ஆழம் அளந்து, அதிலிருந்து ரிம்மின் முழு அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெப்ரவரி 24

நட்டு பற்றி விட்டுவிட்டேன். என் கையில் வந்த மைனர் 1000 எல்லாம் 3/8 யூஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை. நட்டு ஸ்டட்டின் விட்டமளவுக்காவது ஏற வேண்டும், 3/8க்கு அது ஒன்பது சுற்று. தடித்த அலோய் போட்டு நாலு சுற்றில் நட்டு நின்றால், அது பூட்டவில்லை, தொங்குகிறது. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். நட்டின் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் சில்லின் ஓட்டையோடு ஒக்க வேண்டும்.

மார்ச் 3

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வில்லிஸ் ஜீப்புக்குக் கேட்டிருக்கிறார், மைனரை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். உங்களுக்கு அதிர்ஷ்டம் நானா. வில்லிஸ் அஞ்சு ஸ்டட், வட்டம் ஐந்தரை அங்குலம், 139.7. சுசுகி ஜிம்னியும் அதுதான். 1928இலிருந்து வந்த ஃபோர்ட் மொடல் ஏயும் அதுதான். இவ்வளவு தூரத்து வண்டிகள் ஒரே வட்டத்தில் நிற்கின்றன. ஆனால் நடு ஓட்டையைப் பாருங்கள், ஜீப்பின் முன் ஹப் வெளியே துருத்தி நிற்கும், அது சில்லின் நடுவால் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். ஒஃப்செட்டையும் மேலே சொன்ன மாதிரி அளந்து பாருங்கள்.

அஞ்சு ஸ்டட்டில் எதிரெதிர் இல்லாததால் வட்டத்தை நேரே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டட்டின் மையத் தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். ஜீப்பில் 82 மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்தால் சரி.

பீட்டில்காரர்களுக்கும் ஒரு வரி. பழைய பீட்டில் அஞ்சு ஸ்டட், 205. 1968 மொடலிலிருந்து நாலு ஸ்டட், 130. ஒன்றின் சில்லு மற்றதற்கு எந்த வழியிலும் வராது, டிரம்மோடு மாற்ற வேண்டும்.

மொரிஸ் எயிட் வைத்திருக்கிற மட்டக்களப்புத் தம்பி, 17 அங்குலம் என்று மோட்டார் சைக்கிள் ரயரைப் போடுவதாகச் சொன்னதைத் தயவுசெய்து நிறுத்து. சைக்கிள் வளைவில் சாயும், அதன் ரயர் சாய்வதற்கென்று உருண்டையாகச் செய்தது. கார் சாயாமல் ரயரைப் பக்கவாட்டில் தள்ளும். ரிம்மில் விளிம்பு உட்காருகிற அளவும் வேறு. 4.50-17 இன்னும் வெளிநாட்டில் செய்கிறார்கள், செலவு கூடத்தான், ஆனால் அதுதான் ரயர்.

மார்ச் 9

டிரம்மை விட்டு டிஸ்க் பிரேக் போடலாமா என்ற கேள்வி குவிந்துவிட்டது. சுருக்கமாக. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனரின் முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. 58 வண்டிக்கு 7 தான் இருக்கும். அந்த 8 அங்குலத் தொகுதி கிடைத்தால் பின்தட்டோடு பழைய வண்டிக்குப் பூட்டலாம், சில்லு மாற வேண்டாம். நம் ஊர் ஓட்டத்துக்கு அது தாராளம், இரண்டு பிரேக் சப்பாத்தும் முன்னோக்கிப் பிடிக்கிற வகை, நன்றாகச் சீர்செய்த டிரம் நம்பி மிதிக்கலாம்.

டிஸ்க் போட்டே தீருவேன் என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். டிரம்முக்கு என்று வந்த சிலிண்டரின் நுனியில் ஒரு வால்வு இருக்கும், பைப்பில் கொஞ்சம் அமுக்கத்தைத் தேக்கி வைக்கும். டிஸ்குக்கு அது இருக்கக் கூடாது, பாட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். கழற்றுவது சின்ன வேலை, அங்கே போய்ச் சேருவதுதான் பெரிய வேலை. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். அதன் ஆணி வெளியே வர டோர்ஷன் பார் மறிக்கும். ஆகவே சிலிண்டருக்காக முன் சஸ்பென்ஷனையே இறக்க வேண்டும். மாரி மழையில் தண்ணீர் தேங்குகிற இடம், கடல் உப்பு வேறு. ட்ரனியன் மாற்ற எப்படியும் இறக்குகிறாய் தம்பி, அதோடு சிலிண்டரையும் புதிதாக்கிவிடு.

மார்ச் 16

இப்போது நாலாவது வழி, எனக்குப் பிடித்த வழி.

ஹப்பைத் தொடாதே. சில்லை மாற்று, ஆனால் சில்லின் நடுவை மாற்றாதே. மைனர் சில்லில் இரண்டு துண்டு இருக்கிறது: ஓட்டைகள் உள்ள நடுத்தட்டு, ரயர் உட்காருகிற வெளிவளையம். துரு தின்றது வெளிவளையத்தைத்தான், படத்தில் தெரிகிறது, நடுத்தட்டு நன்றாக இருக்கிறது. நடுத்தட்டைப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, 14 அங்குலம் 5 அகல இரும்பு வளையத்துக்குள் அழுத்திப் பற்றவைக்கலாம். 101.6 அப்படியே நிற்கும், நட்டு அப்படியே, கூம்பு அப்படியே, டிரம் அப்படியே, பின்சில்லும் முன்சில்லும் ஸ்பெயாரும் ஒன்றே. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. முன் ஹப்பை மட்டும் 114.3 ஆக்கினால் பின்னுக்கு 101.6, ஸ்பெயார் சில்லு எந்தப் பக்கத்துக்கு? ஹபறணைக் காட்டு வழியில் இரவு பஞ்சரானால் அப்போது புரியும்.

ரயரும் சுலபமாகும். 5 அங்குல ரிம்மில் டொயோட்டா விட்ஸ் காரின் 165/70 ஆர் 14 போகும், உயரம் 587, பழைய 145 ரயரோடு கிட்டத்தட்ட மயிரிழை. எந்த ரயர்க் கடையிலும் இருக்கும். பழைய ஒல்லி ரிம்மில் இதை ஏற்றாதே, இந்த ரயருக்கு நாலரை அங்குலமாவது வேண்டும்.

பற்றவைப்பு எப்படி என்று கேட்பாய். வளையத்தின் உள்விட்டத்துக்கு நடுத்தட்டைக் கடைந்து இறுக்கமாக அமுக்கிப் பொருத்த வேண்டும், தொளதொளவென்று இருந்து பற்றவைப்பால் நிரப்புவது வேலையல்ல. ஒஃப்செட்டைப் பழைய சில்லில் அளந்த அளவுக்கே வை. பிறகு ஒரு மைனர் ஹப்பையே லேத்தின் சக்கில் பிடித்து, அதில் சில்லைப் பூட்டி, ஆட்டம் அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். நாலு புள்ளி, எதிரெதிராக, சின்னதாக ஒட்டு. திரும்பச் சுற்று. பக்கவாட்டிலும் மேல்கீழிலும் ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்த பிறகுதான் முழுப் பற்றவைப்பு, அதையும் துண்டு துண்டாக, எதிரெதிராக. ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைத்தால் சூடு வளையத்தை இழுத்துவிடும். செய்யத் தெரியாதவர் கையில் கொடுப்பதானால் அடப்டரே மேல்.

மார்ச் 17

நேற்று எழுதியதை இரவு யோசித்தேன். "அடப்டரே மேல்" என்றது யாருக்கும் அனுமதி மாதிரிப் படக் கூடாது. நல்ல உலோகம், சரியான மையம், ஒஃப்செட் கணக்கு, நட்டு ஒன்பது சுற்று, இவ்வளவும் இருந்தால்தான் மேல். இல்லாவிட்டால் வண்டி ஜாக்கில் நிற்கட்டும், பழைய ரயர் வரும் வரை காத்திருக்கலாம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு மைனரின் விலை எங்கேயோ போயிற்று, இளசுகள் வாங்கி உடனே ஓட நினைக்கிறார்கள். அவசரப்படுகிற ஆளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை.

ஏப்ரல் 21

தம்பியின் வண்டிக்கு வலப்பக்க ட்ரனியன் மாற்றியாயிற்று. கழற்றிய பின்னின் மரையை நகத்தால் தடவினால் பற்கள் கத்தி முனையாக நின்றன, பாதி உயரம் போயிருந்தது. அந்த அலோயைப் போட்டு நிலாவெளி வீதியில் ஓடியிருந்தால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. வளையம் நாலும் கிடைத்துவிட்டது, ஸ்பெயாருக்கு அவனுடைய பழைய நல்ல சில்லு.

ஏப்ரல் 28

சில்லு பூட்டி ஓடிப் பார்த்தோம். சோதனை ஓட்டத்துக்குக் கோணேசர் கோயில் ஏற்றம் நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம், கோட்டைக்குள் மான் குறுக்கே வரும், அடியார்கள் நடக்கிறார்கள், பிரேக் சோதிக்கிற இடம் அது அல்ல. உவர்மலை இறக்கத்தில் விடியற்காலையில் பிரேக் பார்த்தோம், நேரே நின்றது. நிலாவெளிப் பக்கம் நேர்வீதியில் அறுபது எழுபதில் ஸ்டீரிங்கில் லேசான நடுக்கம் இருந்தது. இடப்பக்கச் சில்லை பலன்ஸ் பண்ணக் கொடுத்தபோது மெஷின்காரர் நடு ஓட்டையைக் கூம்பில் பிடித்துச் சுற்றியிருக்கிறார். மைனர் சில்லு நடு ஓட்டையில் மையம் பிடிப்பதில்லை, நட்டின் கூம்பில்தான் பிடிக்கிறது. நாலு ஓட்டையில் பிடிக்கிற தட்டு வைத்துத் திரும்பச் சுற்றியதும் நடுக்கம் போயிற்று. மைனர், மினி, எம்ஜி மிட்ஜெட் மூன்றுக்கும் வட்டம் ஒன்றே, பலன்ஸ் கடையில் அந்தத் தட்டு இருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொல்லியிருக்கிறேன், குறுக்கு வரிசையில், ஜாக்கில் அல்ல, சில்லு நிலத்தில் நிற்கும்போது. பற்றவைத்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு இழுத்திருக்கிறோம், வெடிப்பு வந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். அடுத்தது பின்பக்க ஹப்பின் எண்ணெய் சீல், டிரம்முக்குள் கசிகிறது. அதற்கு வேறு இழை தொடங்குவோம்.